மரத்தின் காயமும் மனிதனின் காலும்

ஜொகூர் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த தொழிலாளியின் மனத்தில் ஓர் அச்சம் எப்போதும் இருந்தது. மரத்தைக் காயப்படுத்திவிடுவோமோ என்பதே அவ்வச்சம். பட்டையைச் சீவும் உளி மயிரிழை ஆழமாகச் சென்றுவிட்டாலும் மரத்தின் உட்பகுதியில் வடு விழும்; சீவிய இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது; பின்னாளில் பால் குறையும். ஆகவே, நிரை நிரையாகச் சென்று மரங்களைச் சோதித்துக் காயங்களை எண்ணிக் குறிக்கும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. காயம் மிகுந்தால் தொழிலாளி கண்டிக்கப்பட்டார். காயம்பட்ட இடத்தில் மருந்தும் பூசப்பட்டது.

மரத்தின் காயம் இவ்வாறு கணக்கில் ஏறியது. ஆனால் அந்த மரத்தைச் சுற்றி வெறுங்காலுடன் நடந்த மனிதனின் பாதத்தை நாள்தோறும் சோதித்துப் பார்க்கும் வழக்கம் தோட்டத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. இந்தச் சிறிய வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, கடந்த ஒரு நூற்றாண்டில் நம் மக்களின் காற்புண்ணுக்கும் மருந்துக்கும் இருந்த உறவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். நீரிழிவு நோயால் காலிழப்போர் நம்மிடையே பெருகியிருக்கும் இக்காலத்தில், மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறிந்துகொள்வது ஏட்டுக் கல்விக்குரிய செய்தி மட்டுமன்று. அது நம் கால்களைக் காத்துக்கொள்ளும் வழியுமாகும்.

வெறுங்காலும் செம்மண்ணும்

கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை 1909ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. அப்பாதையையொட்டிச் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் முதலிய வட்டாரங்களில் காடுகள் அழிந்தன. இரப்பர் மரங்கள் எழுந்தன. கங்காணிகளின் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து சேர்ந்த நம் முன்னோர், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெளிச்சம் வந்ததும் நிரைக்குச் சென்றனர். காலணி என்பது அவர்களில் பெரும்பாலோருக்குப் பழக்கமில்லாத பொருள். லாலாங் புல்லின் கூர்முனை, முட்செடிகள், அட்டைக்கடி, உளியின் வெட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் இலக்காக இருந்தது கால்தான்.

மலேரியாக் காய்ச்சலாலும் கொக்கிப்புழுவாலும் குருதி குன்றி, போதிய உணவின்றி மெலிந்திருந்த உடம்பில் சிறு கீறலும் பெரும்புண்ணாகியது. கணைக்காலிலும் பாதத்திலும் தோன்றி, தோலையும் சதையையும் தின்று, சில வேளை எலும்பு வரை செல்லும் அப்புண்ணை மருத்துவ நூல்கள் வெப்பமண்டலப் புண் என்று குறிக்கும். தோட்ட மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெற்றோரில் காற்புண்காரர்கள் நிறைந்திருந்த காலம் அது.

அந்நாளைய தோட்டத்து டிரசரிடம் இருந்த மருந்துகள் மிகச் சிலவே. புண்ணைக் கழுவ உப்பு நீர், பூசுவதற்கு மஞ்சள் மருந்தும் ஊதா மருந்தும், கட்டுவதற்குத் துணி. கிருமியை உடம்பினுள் சென்று கொல்லும் மருந்து எதுவும் அவரிடம் கிடையாது. ஆயினும், பல புண்கள் ஆறின. எவ்வாறு ஆறின? நோயாளி படுக்கையில் கிடந்தார். கால் நிலத்தில் ஊன்றப்படவில்லை. நாள்தோறும் அழுகல் நீக்கப்பட்டது. வயிற்றுக்கு உணவு கிடைத்தது. ஓய்வு, தூய்மை, ஊட்டம் என்னும் இம்மூன்றுமே ஆற்றின. டிரசருக்கு வேறு வழியில்லாததால் கடைப்பிடிக்கப்பட்ட இம்முறையை, பிற்காலத்தில் நாம் வேறு வழி கிடைத்ததாக எண்ணிக் கைவிட்டோம்.

மருந்தில்லாத காலத்தின் கொடுமை

அம்மூன்றும் இல்லாதபோது என்ன நிகழும் என்பதைச் சயாம் மரண இரயில் பாதை காட்டியது. 1942ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1943ஆம் ஆண்டு அக்டோபர் வரை ஜப்பானிய இராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளப் பாதையை அமைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஜொகூர்த் தோட்டங்களும் அதற்குத் தப்பவில்லை. மூங்கில் கீறிய காயம் சில நாள்களில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் புண்ணாக மாறியது.

போர்க்கைதிகளின் முகாம்களில் மருத்துவர்களாவது உடனிருந்தனர். அவர்கள் கரண்டியின் விளிம்பைக் கூராக்கி அழுகிய சதையைச் சுரண்டினர். சுரண்டியும் ஆறாத கால்களை அகற்றினர். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஆல்பர்ட் கோட்ஸ் பர்மாப் பகுதி முகாமொன்றில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட கால்களை அகற்ற நேர்ந்தது. தமிழ்த் தொழிலாளர்களின் முகாம்களுக்கோ பெரும்பாலும் அத்தகைய மருத்துவரும் வாய்க்கவில்லை. அங்கே புண் என்பது சாவுக்கு முன்னறிவிப்பு. திரும்பி வந்தோர் சிலரின் கால்களில் இருந்த வடுக்களைக் கண்டு வளர்ந்த தலைமுறை ஒன்று நம் நாட்டில் உண்டு. அத்தலைமுறை, புண்ணைக் கண்டு அஞ்சியதிலும், புண்ணுக்கென மருந்து வந்தபோது அதனைத் தெய்வமாகக் கருதியதிலும் வியப்பில்லை.

அற்புத மருந்தும் ஊசியின் மேல் பற்றும்

1928ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் அலெக்சாண்டர் பிளெமிங் பூஞ்சையொன்று கிருமிகளை அழிப்பதைக் கண்டார். ஃபுளோரி, செயின் ஆகியோரின் முயற்சியால் 1940களின் தொடக்கத்தில் அது பெனிசிலின் என்னும் மருந்தாகியது. போருக்குப் பின் மலாயாவிலும் அது பரவியது. முன்னர் மாதக்கணக்கில் கிடந்த நோயாளிகள் சில நாள்களில் எழுந்து நடந்தனர். தோட்டத்து மக்கள் ஊசியின் வல்லமையைக் கண்ணாரக் கண்டனர். ஊசி போடாத மருத்துவர் மருத்துவரே அல்லர் என்னும் எண்ணம் அன்று வேரூன்றியது. அவ்வேர் இன்றும் பட்டுப்போகவில்லை.

1965ஆம் ஆண்டு தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் ஒன்று நம் நாட்டில் இயற்றப்பட்டது. மருத்துவர் நாள்தோறும் வரவியலாத தோட்டங்களில், பல நூறு குடும்பங்களின் நோய்க்கும் புண்ணுக்கும் பொறுப்பேற்றவர் இவ்வுதவியாளரே. அவர்களுள் பலர் அளவறிந்து மருந்து வழங்கிய நல்லோர். ஆனால் கேட்கும் மக்களோ எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைக் கேட்டனர். இருநிற மாத்திரைக் கூட்டைப் பிரித்து, உள்ளிருக்கும் பொடியைப் புண்ணின்மேல் தூவும் வழக்கமும் வீடுகளில் நுழைந்தது.

இவ்வாறு நேரும் என்று முன்னரே எச்சரித்தவர் அம்மருந்தைக் கண்டவரே. 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், போதாத அளவில் பெனிசிலினை உட்கொண்டால் கிருமிகள் அதனைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிடும் என்று பிளெமிங் கூறினார். அக்கூற்று மெய்யாவதற்கு நீண்ட காலம் தேவைப்படவில்லை. இலண்டன் மருத்துவமனை ஒன்றில் மேரி பார்பர் என்னும் அம்மையார் புண்களிலிருந்து எடுத்த சீழ்க்கிருமிகளை ஆராய்ந்தார். பெனிசிலினுக்கு அடங்காதவை 1946ஆம் ஆண்டு நூற்றுக்குப் பதினான்காக இருந்தன. 1948ஆம் ஆண்டிலோ ஏறத்தாழ அறுபதாகப் பெருகிவிட்டன. பின்னர் மெத்திசிலின் என்னும் புது மருந்து வந்தது. 1961ஆம் ஆண்டிற்குள் அதற்கும் அடங்காத கிருமி காணப்பட்டது. மரத்தில் ஒரே இடத்தில் அளவின்றிச் சீவினால் பட்டை தீர்ந்துபோவதைப் போல, அளவின்றி வழங்கிய மருந்தின் ஆற்றலும் தீர்ந்துபோகிறது.

இனிப்பு நீரின் வருகை

இதற்கிடையே நோயே மாறிவிட்டது. பழைய காற்புண் பசியின் பிள்ளை. புதிய காற்புண் நீரிழிவின் பிள்ளை. நம் நாட்டில் இனிப்பு நீர் என்று வழங்கும் இந்நோய் ஒரு காலத்தில் செல்வர்க்குரியதெனக் கருதப்பட்டது. 1921ஆம் ஆண்டு கனடாவில் இன்சுலின் கண்டறியப்பட்டபின், நீரிழிவுக்காரர்கள் நெடுங்காலம் வாழத் தொடங்கினர். வாழ்நாள் நீளவே, முன்னர் வெளிப்பட இடமில்லாத கேடுகள் வெளிப்பட்டன. 1934ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் எலியட் ஜோஸ்லின், நீரிழிவால் கால் அழுகும் கேட்டினைத் தனிக் கட்டுரையாக எழுதி எச்சரித்தார். அக்கேடு தவிர்க்கவொண்ணாத விதியன்று, கவனக்குறைவின் விளைவே என்பது அவர் கொள்கை.

மலேசியாவில் 1986ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய நலவாழ்வு ஆய்வில் முப்பத்தைந்து வயதைக் கடந்தோருள் 6.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் பதினெட்டு வயதைக் கடந்தோருள் அது 18.3 விழுக்காடு. அவ்வாய்வில் இந்தியர்களின் பங்கு 31.4 விழுக்காடு, அஃதாவது, ஏறத்தாழ மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு நாட்டின் பொது அளவு 15.6 விழுக்காடாகச் சற்றே தாழ்ந்தது ஆறுதலளிக்கும் செய்தி. எனினும், நம் இனத்தவர் கூடும் எந்தத் திருமணக் கூடத்திலும், எந்தக் கோயில் திருவிழாவிலும், ஒரு காலைப் பறிகொடுத்தவரைக் காணாமல் திரும்புவது அரிதாகிவிட்டது. போத்தோங் காக்கி என்னும் மலாய்ச் சொல் தமிழ் வீடுகளில் மொழிபெயர்ப்பின்றிப் புரிகிறது.

நீரிழிவு காலை எவ்வாறு அழிக்கிறது? முதலில் நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும் நோவதில்லை. அடுத்துக் குருதிக்குழாய்கள் குறுகுகின்றன. புண்ணை ஆற்ற வேண்டிய குருதி அங்குச் சேர்வதில்லை. சர்க்கரை மிகுந்த குருதியில் கிருமியோடு பொரும் வெள்ளணுக்களும் தளர்கின்றன. உட்கொள்ளும் மருந்தும் குருதியின் வழியாகத்தான் காலுக்குச் செல்ல வேண்டும் என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாய்க்காலே வற்றிய வயலுக்கு எத்துணை உயர்ந்த உரமிட்டும் பயனில்லை.

வேலூர் காட்டிய வழி

நோவின்மையே காலைக் கொல்கிறது என்னும் உண்மையை உலகிற்கு விளக்கியதில் தமிழ்நாட்டிற்குப் பெரும்பங்குண்டு. கொல்லிமலையில் சமயப்பணியாற்றிய ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914ஆம் ஆண்டு பிறந்தவர் பால் பிராண்ட். 1946ஆம் ஆண்டு அவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயின் காரணமாகத் தாமே உதிர்கின்றன என்றே அன்று நம்பப்பட்டது. பிராண்டும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு புண்ணின் காரணத்தையும் துப்பறிவாரைப் போல் தேடினர். உணர்விழந்த காலில் ஆணி குத்தியும், செருப்பு உராய்ந்தும், ஒரே இடத்தில் உடலின் பாரம் மீண்டும் மீண்டும் அழுத்தியும் புண் உண்டாகிறது. நோவு இல்லாமையால் நோயாளி அப்புண்ணின்மேலேயே நடக்கிறார். இதுவே அவர்கள் கண்டது.

எனவே, அவர்கள் மருந்தைத் தேடுவதற்குமுன் பாரத்தை நீக்கினர். காலுக்கு மாவுக்கட்டிட்டு அழுத்தத்தைப் பரவச் செய்தனர். அம்முறையை 1930களிலேயே இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் தொழுநோயாளிகளுக்குக் கையாண்டிருந்தார். புண் ஆறியபின் அணிவதற்கென நுண்துளைகள் கொண்ட மென்மையான இரப்பரால் செருப்புகள் செய்யப்பட்டன. வெறுங்காலுடன் நின்று பால்வெட்டிய நம்மவர் கைவழியே வந்த அதே இரப்பர்ப் பொருள், கடலுக்கு அப்பால் ஏழை நோயாளியின் காலைக் காத்தது என்பது எண்ணத்தக்கது.

1966ஆம் ஆண்டு பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவால் உணர்விழந்த காலுக்கும் இம்முறையே பொருந்தும் என அங்கு மெய்ப்பிக்கப்பட்டது. ஏழை நாட்டில், விலையுயர்ந்த கருவி எதுவுமின்றிக் கண்டறிந்த முறையைச் செல்வ நாடு கற்றுக்கொண்டது. எளிய வசதியே உள்ள இடத்திலும் காலைக் காக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஒரு குடும்பத்து நிகழ்ச்சி

என் சிற்றப்பா குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பதாண்டுகள் பால்வெட்டியவர். மரத்தைக் காயப்படுத்தாத கை என்று பெயரெடுத்தவர். இரப்பர் அழிந்து செம்பனை வந்தபின், மகனுடன் நகரத்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். நீரிழிவு இருப்பது அவருக்குத் தெரியும். கால் மரத்திருப்பது தெரியாது. ஒருநாள் கட்டை விரலுக்கு அடியில் சிறு புண் கண்டது. நோவில்லாததால் அதைப் பொருட்படுத்தவில்லை. பக்கத்து வீட்டார் தமக்குத் தந்த மாத்திரைகளில் மிஞ்சியவற்றைக் கொடுத்தார். செந்நிறம் தணிந்தது, எல்லாரும் மகிழ்ந்தோம். அவர் வழக்கம்போல் நடந்தார். மாத்திரை தீர்ந்ததும் வீக்கம் திரும்பியது. வேறொருவர் வேறு மாத்திரை வாங்கித் தந்தார். இவ்வாறு ஏழு வாரங்கள் கழிந்தன. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது கிருமி எலும்பினுள் புகுந்திருந்தது. வழக்கமான மருந்துகளுக்கு அது அடங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

இதில் யாரும் தீயவர் அல்லர். மாத்திரை கொடுத்தவர் அன்பினால் கொடுத்தார். ஏழு வாரமும் அவர் உள்ளங்காலை ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்காத நாங்களும் அன்பில்லாதவர்கள் அல்லர். மருந்து உள்ளே சென்றுகொண்டிருக்கிறது என்னும் நிம்மதியே எங்களைக் கண்மூடச் செய்தது.

மருந்து எப்போது, எவ்வளவு

இன்றைய மருத்துவ உலகம் இதுபற்றித் தெளிவான முடிவுக்கு வந்துள்ளது. நீரிழிவுக் காலுக்கான பன்னாட்டுச் செயற்குழு 2023ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளின் சாரத்தை எளிய தமிழில் கூறலாம்.

முதலாவது, புண் வேறு, கிருமித் தொற்று வேறு. எல்லாப் புண்ணின்மேலும் கிருமிகள் இருக்கும். அதனால் மட்டும் நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படாது. வீக்கம், புண்ணைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட செம்மை, சூடு, நோவு, சீழ் ஆகியவற்றுள் இரண்டேனும் இருந்தால்தான் அது தொற்று. தொற்றில்லாத புண்ணுக்கு அம்மருந்து நன்மை செய்வதில்லை. எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளை வளர்ப்பதே அதன் விளைவு. மருந்துப் பொடியைப் புண்ணில் தூவுவதும் பரிந்துரைக்கப்படவில்லை.

இரண்டாவது, தொற்று இருந்தால் காலந்தாழ்த்தாமல் மருந்து வேண்டும். ஆனால் மருந்து தனியே போதாது. சீழை வெளியேற்ற வேண்டும். செத்த சதையை நீக்க வேண்டும். பாதத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும். குருதியோட்டத்தைச் சோதிக்க வேண்டும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் மேல்நாட்டுப் புண்களில் மிகுதியாகக் காணப்படாத சில கிருமிகளும் அடிக்கடி தோன்றுவதால், புண்ணைத் தூய்மை செய்தபின் அதன் ஆழத்திலிருந்து சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது சிறந்தது. மேற்பரப்பைத் துடைத்தெடுப்பது வழிதவறச் செய்யும்.

மூன்றாவது, கால அளவு. சதையளவில் நிற்கும் தொற்றுக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம் போதும். எலும்பில் பரவி, அவ்வெலும்பு அகற்றப்படாதிருந்தால் ஆறு வாரம் ஆகலாம். தொற்று தீர்ந்தபின், புண் இன்னும் மூடவில்லையே என்று மருந்தைத் தொடர்வது வீண். தொற்றைத் தீர்ப்பது மருந்தின் வேலை. புண்ணை மூடுவது உடம்பின் வேலை. இக்கால அளவை வகுக்க வேண்டியவர் மருத்துவரே.

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ், இம்மருந்துகளை மருத்துவர் சீட்டின்றிக் கடையில் பெற இயலாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2017ஆம் ஆண்டு இவற்றை மூன்றாகப் பகுத்தது. முதலில் வழங்கத்தக்கவை, கண்காணித்து வழங்க வேண்டியவை, வேறு வழியற்ற நோயாளிக்கெனச் சேமித்து வைக்க வேண்டியவை என்பன அவை. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக மாண்டோர் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மூன்றாம் பகுதியிலுள்ள மருந்து விலையுயர்ந்தது. பெரிய மருத்துவமனைகளிலேயே கிடைப்பது. முதற்பகுதி மருந்தின் ஆற்றல் வீணாகும்போது முதலில் கைவிடப்படுபவன் ஏழையே. ஆகவே, சிக்கனமாக வழங்குங்கள் என்பது ஏழையிடமிருந்து மருந்தைப் பறிக்கும் பேச்சன்று. அவனுக்கென மருந்தைச் சேமிக்கும் பேச்சு.

வசதி குறைந்த இடத்தில்

ஜொகூரின் உட்புறச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து ஜொகூர் பாருவின் பெரிய மருத்துவமனைகளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டியவர்கள் உளர். தோட்டங்கள் பலவற்றில் பழைய மருத்துவமனைகள் மூடப்பட்டுவிட்டன. அங்கு எஞ்சியிருக்கும் முதியோர்க்கும், அயல்நாடுகளிலிருந்து வந்து உழைப்போர்க்கும் சிறு கிளினிக்கே துணை. அங்கே நுட்பக் கருவிகள் இல்லாமலிருக்கலாம். ஆனால் பாதத்து நாடியைத் தொட்டறிய விரல் போதும். கண்ணை மூடச் செய்து, கால்விரல் நுனிகளை மெல்லத் தொட்டு, தெரிகிறதா எனக் கேட்டால் உணர்விழந்த காலைக் கண்டுகொள்ளலாம். காய்ச்சலுடன் கால் வீங்கினால், விரல் கறுத்தால், செம்மை விரைந்து பரவினால், மாத்திரையை நம்பி ஒருநாளும் காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இவையெல்லாம் பணத்தால் ஆவன அல்ல, பழக்கத்தால் ஆவன.

திருக்குறளில் மருந்து என ஓர் அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்தைப் படிப்போர், அதன் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதாக இல்லாமல், அளவறிந்து உண்பதைப் பற்றியதாக இருப்பதைக் காண்பர். அளவு என்னும் அச்சொல் உணவுக்கும் பொருந்தும். உணவு மீறியபின் நாடும் மருந்துக்கும் பொருந்தும்.

நம் முன்னோர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களைக் காயமின்றிக் காத்தனர். அதற்குரிய கண்ணும் பொறுமையும் நம் குருதியில் உள்ளன. இரவு உறங்குமுன், வீட்டிலுள்ள முதியவரின் இரு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்ப்பதற்கு ஐந்து மணித்துளிகள் போதும். என் சிற்றப்பாவுக்கு எஞ்சியிருக்கும் ஒரு காலை, அவருடைய பேத்தி இப்போது நாள்தோறும் அவ்வாறு பார்த்து வருகிறாள்.